மாப்பிள்ளை நிறுத்திய ஆட்டம்

என் மாப்பிள்ளை விலை போய்விட்டார் என்று போனில் எழுதித் தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் முகம் காட்டாமல் எழுதுகிறீர்கள். நான் முகம் காட்டி எழுதுகிறேன். பெயின்ட் கான்ட்ராக்டர் யார் என்று இந்த ஊரில் கேட்டால் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பதினொரு வயதில் சுண்ணாம்பு வாளி தூக்கியவன் நான். இன்று நாற்பத்து மூன்று பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பத்து மாடிக்கு மேல் நிற்கிற எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் அதன் நிறத்துக்குக் கம்பெனிக்காரன் வைத்த நம்பரைச் சொல்வேன். தெரியாததைத் தெரியும் என்று நான் சொன்னதில்லை. மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

அவருடைய தொழில் கம்ப்யூட்டரில் விளையாடுவது. சிரிக்க வேண்டாம். நான் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டேன். என் மகள் பிசியோதெரபி படித்தவள், கை கால் வலிக்கு வருகிறவர்களைச் சரிசெய்கிறவள். ஒரு நாள் வந்து, ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ஆள் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"விளையாடுறாருப்பா."

"சரி, அது சாயங்காலம். பகல்ல என்ன பண்றாரு?"

"பகல்லயும் அதான்."

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் அவர் கதை தெரிந்தது. அப்பா இல்லை. அம்மா பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து வளர்த்திருக்கிறார். பதினாலு வயதில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தரை பெருக்கவும் கீபோர்டு துடைக்கவும் சேர்ந்திருக்கிறார். கூலி வேண்டாம், கடை திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு மெஷினில் உட்கார விட்டால் போதும் என்று கேட்டாராம். அந்த அரை மணியில் கற்றுக்கொண்டதை வைத்து இருபது வயதில் ஒரு டீமில் இடம் பிடித்திருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு ஆளைப் பிடித்துப் போனது. சுண்ணாம்பு வாளியும் கீபோர்டு துணியும் எனக்கு ஒன்றுதான். கல்யாணத்துக்கு நானே முன்னால் நின்றேன்.

விளையாட்டு என்றால் சோபாவில் சாய்ந்துகொண்டு தட்டுவது என்று நினைத்தால் அது தப்பு. காலை பதினொன்றுக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது வரைக்கும் பயிற்சி. டீமுக்கும் அவருக்கும் போட்ட ஒப்பந்தம் பத்தொன்பது பக்கம். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தச் சட்டை போட வேண்டும், மாதத்தில் எத்தனை மணி நேரம் ஜனங்கள் பார்க்க ஆடிக் காட்ட வேண்டும், யாரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. நான் கறாரான ஆள் என்று பெயரெடுத்தவன். நானே என் ஆட்களுக்கு இதில் கால்வாசி கட்டுப்பாடு போட்டதில்லை. எட்டு வருஷத்தில் அவர் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. வலது மணிக்கட்டில் எந்நேரமும் ஒரு பட்டை கட்டியிருப்பார். அந்த மணிக்கட்டைச் சரிசெய்யப் போய்த்தான் என் மகள் அவரைப் பிடித்தாள்.

டீமில் ஐந்து பேர். இவர்தான் கேப்டன். மற்ற நால்வரும் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுக்குள். இருபத்தெட்டு வயதான இவரை அவர்கள் "தாத்தா" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எல்லோருக்கும் சின்னவன் ஒருத்தன், மீசை இப்போதுதான் முளைக்கிறது, அவன் பெயரே அரும்பு. ஒரு தடவை அவனிடம், இவர் தாத்தா என்றால் நான் யார் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "நீங்க கல்வெட்டு சார்" என்றான். வாய் நீளம்தான். ஆனால் மவுஸைப் பிடித்தால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மாப்பிள்ளை வேலை அடிக்கிற வேலை இல்லை. முன்னால் போய் வழி பார்த்துச் சொல்வது, மற்றவர்களுக்கு வருகிற அடியைத் தான் வாங்குவது. எங்கள் தொழிலில் சாரம் கட்டுகிறவன் மாதிரி. கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறவன் எவனும் சாரத்தைக் கேட்பதில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அரையிறுதிப் போட்டி. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று ஜெயித்து, மூன்றாவது நடக்கிறது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இரண்டு மேஜை, எதிரெதிராக. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் பெரிய திரை. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு கோட்டை. எதிராளி கோட்டையை இடித்தால் ஜெயித்த கணக்கு. கூட்டம் மொத்தமும் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. எனக்குத் திரையில் நடப்பது ஒரு மண்ணும் புரியவில்லை. அதனால் நான் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்கள் அவர்கள் கோட்டைக் கதவு வரைக்கும் போய்விட்டார்கள் என்று மகள் காதில் சொன்னாள். அந்த நேரத்தில் எதிர் மேஜையில் கடைசியில் இருந்த ஒருத்தன் கையைத் தூக்கினான். அவன்தான் கதவைக் காக்கிறவன். அவன் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது. கை தூக்கினால் நடுவர் பார்த்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நடுவரோ இன்னொரு கோடியில் யாரோ ஒருத்தனின் ஒயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். டீமே நிறுத்திக்கொள்ளவும் ஒரு பொத்தான் உண்டு, ஒரு போட்டிக்குப் பத்து நிமிஷம். அவர்கள் முதல் ஆட்டத்திலேயே ஒரு ஹெட்போன் கோளாறுக்காகப் பத்தையும் தீர்த்துவிட்டார்கள். ஆக அந்தப் பையன் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பார்க்க ஒரு ஆளும் இல்லை. நான் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மாப்பிள்ளையும் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் டீமின் பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தினார்.

விதி என்ன சொல்கிறது என்றால், உன் டீமுக்குக் கோளாறு வந்தால்தான் உன் பொத்தானை நீ தொடலாம். எதிராளிக்காகத் தொடக் கூடாது. ஆனால் பழைய ஆட்டக்காரர்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டர் காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும், எவன் திரை அணைந்தாலும் எல்லோரும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம். மாப்பிள்ளை அங்கே வளர்ந்தவர்.

நாலு நிமிஷத்தில் மெஷின் சரியானது. மாப்பிள்ளை எதிராளிகளிடம் ரெடியா என்று திரையில் கேட்டார். ரெடி என்று எழுதினார்கள். இவர் ஆட்டத்தை மறுபடி ஓட விட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. தன் டீமைக் கேட்கவில்லை. அரும்பு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வியர்த்த உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன்தான் எல்லோருக்கும் முன்னால் கதவடியில் நின்றவன். மூன்று எண்ணுவதற்குள் அவனை அடித்துப் போட்டார்கள். அதோடு எங்கள் வரிசை கலைந்தது. அதிலிருந்து பதினோராவது நிமிஷம் எங்கள் கோட்டை விழுந்தது.

மூன்றாம் நாள் காலையில் டீம் முதலாளி என் பெயின்ட் கிடங்குக்கே வந்துவிட்டார். நாற்பது வயதுகூட இருக்காது, வாசனை பத்தடிக்கு முன்னால் வருகிறது. நாற்காலி எடுத்து வரச் சொன்னேன், வேண்டாம் என்று ஒரு பிரைமர் டிரம் மேலேயே உட்கார்ந்தார். நான் கீழிருந்து எழுந்து வந்த கதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறாராம், தன் ஆபீஸில் நாலு பேரிடம் என்னைப் பற்றிச் சொல்வாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். பொத்தான் கை தவறிப் பட்டது என்று கேப்டன் ஏழு நாளைக்குள் எழுதிக் கொடுத்தால், அந்த மூன்றாவது ஆட்டத்தை மறுபடி நடத்த லீக் விதியில் இடம் இருக்கிறதாம்.

"ஒரே ஒரு வரிதாங்க ஐயா. கை தவறிடுச்சுன்னு. நீங்க பெரியவங்க, நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்றேன்.

ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன். என் தலையில் அவன் மிளகாய் அரைத்துவிட்டுப் போனது அப்போது உறைக்கவில்லை.

அன்று மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தார். மகள் எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை. முதலாளி வந்ததைச் சொன்னேன், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"மாமா, கை தவறல."

"தெரியும், நானும்தான் பாத்தேன். எழுதினா என்ன குறைஞ்சுடும்?"

"எழுதினா அவங்க ஜெயிச்சது இல்லாம போயிடும் மாமா. அவன் கை தூக்கினான்னுதான் நான் நிறுத்தினேன். இப்ப அதையே காரணமா வெச்சு அவங்க கையிலேருந்து பிடுங்கச் சொல்றீங்களா?"

"உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது யாரு, அவங்களா?"

"இல்ல மாமா, முதலாளிதான். ஜெயிக்கறதுக்காக ஆடுறேன்னு அவர்கிட்ட கையெழுத்து போட்டிருக்கேன். பொய் எழுதித் தரேன்னு போடல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கொடுத்த வாக்கு என்னாவது? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மகள் தலையைக்கூடத் தூக்காமல், "தட்டைக் கழுவி வெச்சுட்டுக் கோவப்படுங்கப்பா" என்றாள். கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வந்த கோபம் அவர் மேல்தான் என்று நினைத்திருந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் வேறு ஒன்று கிளம்பியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கட்டடம். முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் இன்னொருத்தருக்கு. யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு அடுத்த நாலு கட்டடம். ஒரு நாள் அவருடைய தொங்கு சாரம் ஒன்பதாவது மாடியில் மோட்டார் நின்று போய், இரண்டு ஆட்களோடு நடுவானத்தில் மாட்டிக்கொண்டது. என்னிடம் கூடுதல் கயிறும் ஆளும் இருந்தது. நான் கொடுக்கவில்லை. என் ஆட்களை அடித்துக்கொண்டே போகச் சொன்னேன். மூன்று மணி நேரம் கழித்துத் தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கினார்கள். எனக்கு நாலு கட்டடமும் கிடைத்தது. அந்த நாலில்தான் நான் ஆளானேன். இதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன், மாப்பிள்ளையிடமே சொல்லியிருக்கிறேன். அவர் அன்றைக்குக் கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

முதலாளிக்குப் போன் போட்டு, அவர் எழுத மாட்டார் என்றேன். "யோசிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். எட்டாம் நாள் லீக்குக்குப் புகார் போனது. கேப்டன் எதிராளியிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தாராம். இது நிரூபணமானால் ஆயுள் முழுக்க எந்தப் போட்டியிலும் உட்கார முடியாது. அன்று முதல்தான் நீங்களெல்லாம் எழுத ஆரம்பித்தீர்கள்.

விசாரணை ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில். கண்ணாடிச் சுவர், நீள மேஜை, ஏசிக்குக் கீழே பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அடியில் பூசியது மட்டமான பட்டி. விசாரிக்க மூன்று பேர். தலைவர் ஒரு வக்கீல் அம்மா, கூட லீக் அதிகாரி ஒருத்தர், பழைய ஆட்டக்காரர் ஒருத்தர். மாப்பிள்ளை கூட ஒரு ஆள் வரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். அந்தப் பையன் கையைத் தூக்கியதை நானே பார்த்தேன் என்று முதலிலேயே சொல்லிப் பார்த்தேன். உறவினர் சாட்சி எடுபடாது, உட்காருங்கள் என்றார் அந்த அம்மா. நாற்பத்து மூன்று பேரை அதட்டி வேலை வாங்குகிற வாய். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை தூக்கினானே அந்தப் பையன், அவனாவது வந்து சொல்லியிருக்கலாம். அவன் டீமில் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நடுவரும் வரவில்லை. ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தார். அதோடு அவர் கதை முடிந்தது.

முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினான். எதிர் டீம் கேப்டனும் மாப்பிள்ளையும் ஒரு காலத்தில் ஒரே அறையில் தங்கினவர்களாம், போட்டிக்கு முந்தின நாள் "நாளைக்குப் பாக்கலாம் தாத்தா" என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறதாம். இதுதான் சாட்சி. நாளைக்குப் பார்க்கலாம் என்று எனக்குத் தினமும் இருபது பேர் அனுப்புகிறார்கள்.

ஆட்டம் நடக்கும்போது டீம் ஆட்கள் ஹெட்போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதைப் போட்டுக் காட்டினார்கள். அரும்பு குரல்: "நிறுத்தாத தாத்தா, கதவு திறந்து கிடக்கு." மாப்பிள்ளை குரல்: "அவன் கை தூக்கியிருக்கான்டா, ரெஃப்ரி பாக்கல." அப்புறம் நாலு நிமிஷம் பாட்டில் திறக்கிற சத்தம், நாற்காலி சத்தம். அப்புறம் தூரத்தில் அரும்பு, "நான் இன்னும் மாட்டலடா" என்கிறான்.

முதலாளி எழுந்து நின்றான். எதிராளியிடம் ரெடியா என்று கேட்கத் தெரிந்தவருக்குத் தன் டீமிடம் கேட்கத் தெரியவில்லையே, இவர் யாருக்குக் கேப்டன் என்று கேட்டான். உண்மையைச் சொல்கிறேன், அது நியாயமான கேள்விதான்.

மாப்பிள்ளை எழுந்தார். "நிறுத்தினது தெரிஞ்சுதான் செஞ்சேன். மறுபடி ஓட விட்டதுதான் தப்பு. நம்ம பசங்க எப்பவும் ரெடியா இருப்பாங்கன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

தப்பு வேறு, விலை போவது வேறு என்று வக்கீல் அம்மா முதலாளியைப் பார்த்துச் சொன்னார். தன் புகார் நிற்காது என்று தெரிந்ததும் அவன் அரும்பு பக்கம் திரும்பினான். ஒப்பந்தப்படி ஆட்டத்தின் நடுவில் ஹெட்போனைக் கழற்றக் கூடாதாம், அதனால் தோல்விக்கு அவனும் பொறுப்பாம், அவனையும் டீமிலிருந்து எடுக்கப் போகிறானாம். அரும்பு சாட்சி சொல்ல வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயது, முதல் சீசன். வாய் ஓயாத பையன். உதட்டை உதட்டால் அழுத்திக்கொண்டு மேஜையைப் பார்த்தான்.

மாப்பிள்ளை பேனாவைக் கேட்டு வாங்கினார். ஆட்டம் நின்றிருக்கும்போது ஹெட்போனைக் கழற்ற விதியில் தடை இல்லை என்றும், எல்லோரும் தயாரா என்று பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கியது கேப்டனின் தப்பு மட்டுமே என்றும் எழுதினார்.

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்க குடுத்தா உங்க தண்டனைதான் கூடும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் மேடம்."

கையெழுத்துப் போட்டார். மகள் வீட்டில் வெந்நீரில் கிடந்த அதே கை. வீட்டில் எழுத மாட்டேன் என்று என்னிடம் அடம் பிடித்தவர், இங்கே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளப் பேனா கேட்டு வாங்கிப் போடுகிறார். எழுந்து போய் அந்தக் காகிதத்தைப் பிடுங்கலாமா என்றிருந்தது. அரும்பு முகத்தைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். விலை போனதற்குத் துளியும் ஆதாரம் இல்லை. ஆட்டத்தை மறுபடி நடத்துவதற்கும் இடமில்லை. அரும்பு மேல் குற்றம் இல்லை, இந்தக் காரணம் காட்டி அவனை எடுக்கக் கூடாது. எதிராளிக்காகப் பொத்தானை அழுத்தியதற்கு மாப்பிள்ளைக்கு ஆறு போட்டி தடை. கவனமில்லாமல் தொடங்கியதற்கு இன்னும் ஆறு. பன்னிரண்டு என்றால் ஒரு சீசன் முழுக்க. இருபத்தெட்டு வயதில் ஒரு சீசன் உட்கார்ந்தால் திரும்பி வந்து நாற்காலி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கே தெரிந்துவிட்டது, இந்தத் தொழில் தெரியாத எனக்கே. இதைப் படித்துச் சொன்னவர் அந்தப் பழைய ஆட்டக்காரர். படித்து முடிக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை.

விலை போகவில்லை என்று லீக்கே எழுத்தில் கொடுத்திருக்கிறது. அதைப் படிக்க உங்களில் எவருக்கும் நேரம் இல்லை. திட்டுவதற்கு மட்டும் விரல் இருக்கிறது.

வெளியே வராந்தாவில் முதலாளி நின்றிருந்தான். நீக்கல் கடிதத்தை முன்கூட்டியே அடித்து, உறைக்குள் போட்டு, கையிலேயே வைத்திருந்தான். மாப்பிள்ளையிடம் கொடுத்தான். மாப்பிள்ளை பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்தார். எட்டு வருஷம். அரும்பு அவர் பக்கத்தில் வந்து நின்று, என்னவோ சொல்லப் பார்த்து, "தாத்தா" என்று மட்டும் சொன்னான். மணிக்கட்டுப் பயிற்சியை விடாதே என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான்.

முதலாளி கையை நீட்டினான். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க" என்றான். மாப்பிள்ளை பட்டை கட்டிய கையால் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒப்புக்குத் தொட்டுவிட்டு எடுக்கவில்லை, ஒழுங்காகக் குலுக்கினார்.

அடுத்து என் பக்கம் நீட்டினான். "ஐயா, நீங்களும்" என்றான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அரும்பு பார்த்தான், வக்கீல் அம்மா பார்த்தார், காபி கொண்டு வந்தவர் பார்த்தார். லிஃப்ட் வந்தது. ஏறினோம்.

கதவு மூடிய பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார், "கை குடுத்திருக்கலாம் மாமா. ஆட்டம் முடிஞ்சா குடுத்துடணும்."

"நீங்க ஆட்டக்காரர் மாப்பிள்ளை, நீங்க குடுங்க. நான் பெயின்ட் அடிக்கிறவன்" என்றேன்.